வாஷிங்டன் டி.சி.யில் உங்கள் தெருவுக்குப் பி.யு.டி. கட்டடம் வருகிறதா? அக்கம்பக்கத்தார் செய்ய வேண்டியவை

வாஷிங்டன் டி.சி.க்குள் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். நாலு வீடு தள்ளி இருக்கும் பழைய கடைவரிசையை இடித்துவிட்டு ஏழெட்டு மாடி அடுக்ககம் எழுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. நம்மவர்கள் பலர் இந்தக் கட்டத்திலேயே "பெரிய பில்டர், நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். அந்தத் திட்டம் பி.யு.டி. வகையில் வந்தால், அதில் உங்களுக்குச் சட்டப்படி ஓர் இடம் உண்டு.

பி.யு.டி. (பிளான்ட் யூனிட் டெவலப்மென்ட்) என்பது அரசும் பில்டரும் செய்துகொள்ளும் ஒரு பேரம். உயரம், கட்டட அளவு, பின்புறம் விட வேண்டிய காலியிடம், பார்க்கிங் போன்ற விதிகளை அந்த ஒரு மனைக்கு மட்டும் அரசு தளர்த்துகிறது. பதிலுக்கு அந்தப் பகுதி மக்களுக்குக் கூடுதல் பயன்களை பில்டர் தர வேண்டும். தகுதியான பயன் இல்லையென்றால் தளர்வும் இல்லை. இதைத் தீர்மானிப்பது ஐந்து பேர் கொண்ட சோனிங் கமிஷன், அதாவது எந்த மனையில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதிகளுக்கான ஆணையம். மூவர் மேயர் நியமிப்பவர்கள். மற்ற இருவர் நாடாளுமன்றக் கட்டடக் கலைஞர் அலுவலகத்தின் பிரதிநிதியும் தேசியப் பூங்காத் துறையின் பிரதிநிதியும்.

எங்கள் பகுதியில் இப்படி ஒரு திட்டம் வந்தபோது எந்தத் தாளை எப்போது கொடுப்பது என்று சொல்ல ஆளே இல்லாமல் திண்டாடினோம். பில்டர் தரப்பு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கொடுத்த ஒரு வாக்குறுதி, கடைசி ஆணையில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. அடுத்து வருபவர்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இது டி.சி. எல்லைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் விதிகள் வேறு.

1. முதலில் அது பி.யு.டி.தானா என்று பாருங்கள்

எல்லாக் கட்டடத்துக்கும் விசாரணை கிடையாது. இருக்கும் விதிக்குள் அடங்கிக் கட்டுகிறார் என்றால் அது அவர் உரிமை. பில்டிங் பர்மிட் வாங்கிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். சின்ன விதிவிலக்கு என்றால் அது வேறொரு வாரியத்துக்குப் போகும். சோனிங் அலுவலகத்தின் இணையதளத்தில் ஐ.இசட்.ஐ.எஸ். என்ற கோப்புத் தேடல் இருக்கிறது. பி.யு.டி. வழக்குகளின் எல்லாத் தாள்களும், விண்ணப்பம் முதல் கடைசி ஆணை வரை, அதில் இலவசமாகப் படிக்கலாம். வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் அது இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள்: விண்ணப்பம் ஒரே கட்டமா, இரண்டு கட்டமா? பெரிய மனைகளில் இரண்டு கட்டமாக வருவதுண்டு. முதல் கட்டத்தில் உயரம், மொத்த அளவு, பயன்பாடு முடிவாகிவிடும். இரண்டாம் கட்டத்தில் கட்டடத்தின் விவரமான வடிவம் மட்டும். உயரத்தைப் பற்றிப் பேச இரண்டாம் கட்டம் வரை காத்திருந்தால் கதவு மூடியிருக்கும்.

2. 45 நாள் கடிதம்

விண்ணப்பம் போடுவதற்குக் குறைந்தது 45 நாள் முன்பாக பில்டர் ஒரு முன்னறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். மனையின் எல்லையிலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கும், அந்தப் பகுதி ஏ.என்.சி.க்கும் அது போகும். ஏ.என்.சி. என்பது அக்கம்பக்க ஆலோசனைக் குழு. சுமார் 2,000 பேருக்கு ஒருவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட, சம்பளமில்லாத உறுப்பினர்கள் அதில் இருப்பார்கள்.

கவனியுங்கள், கடிதம் சொத்தின் உரிமையாளருக்குத்தான் வரும். பக்கத்துக் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு வராது. வீட்டுச் சொந்தக்காரர் வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த உறை அங்கேயே குப்பைக்குப் போய்விடும். வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் ஏ.என்.சி.யின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிடுவது ஒன்றே வழி.

இந்த 45 நாள்தான் உங்களுக்கு இருப்பதிலேயே நல்ல காலம். வரைபடம் இன்னும் இறுகியிருக்காது, பில்டருக்கு ஏ.என்.சி.யின் ஆதரவு வேண்டியிருக்கும். ஆகஸ்டில் சோனிங் கமிஷன் கூட்டம் நடத்துவதில்லை, பல ஏ.என்.சி.க்களும் கூடுவதில்லை. கோடையில் கடிதம் வந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

3. பில்டருக்குக் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

இதைச் செய்யாமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள். எவ்வளவு வாங்குகிறார் என்று தெரிந்தால்தானே எவ்வளவு தர வேண்டும் என்று கேட்க முடியும்?

சென்னையில் எஃப்.எஸ்.ஐ. என்போமே, அதை இங்கே எஃப்.ஏ.ஆர். என்கிறார்கள். மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான். ஓர் உதாரணம் பார்ப்போம். எம்.யு.4 என்ற கலப்புப் பயன்பாட்டு வகையில் 20,000 சதுர அடி மனை இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கு வீடு ஒதுக்குவதற்கான போனஸையும் சேர்த்து அங்கே உரிமையாகக் கட்டக்கூடியது 3.0 மடங்கு, அதாவது 60,000 சதுர அடி. உயரம் 50 அடி. பி.யு.டி. வாங்கினால் அதற்கு மேல் 20 சதவீதம் கிடைக்கும். 3.6 மடங்கு, 72,000 சதுர அடி. உயரம் 65 அடி. ஆக, 12,000 சதுர அடி லாபம்.

சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பல விண்ணப்பங்களில் பி.யு.டி.யோடு சேர்த்து மனையின் வகையையே மாற்றக் கேட்பார்கள். அதே மனையை எம்.யு.5ஏ என்ற இன்னும் அடர்த்தியான வகையாக மாற்றிவிட்டு பி.யு.டி. கொடுத்தால் 5.04 மடங்கு, 1,00,800 சதுர அடி. உயரம் 90 அடி. இப்போது கூடுதல் 40,800 சதுர அடி. விண்ணப்பத்தில் இருக்கும் அட்டவணை பெரும்பாலும் புதிய வகையோடு ஒப்பிட்டு "சின்னத் தளர்வுதான்" என்று காட்டும். நீங்கள் இன்றைய வகையோடு ஒப்பிட்டு உங்கள் அட்டவணையை நீங்களே போடுங்கள். ஒரு பக்கத்தில் போட்டு எல்லோருக்கும் கொடுங்கள். எங்கள் அனுபவத்தில் இந்த ஒரு தாளுக்கு இருந்த மதிப்பு நீளமான பேச்சுகளுக்கு இல்லை.

4. படிக்க வேண்டிய தாள்கள்

கோப்பு நூற்றுக்கணக்கான பக்கம் வரும். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. விண்ணப்ப அறிக்கை, கேட்கும் தளர்வுகளின் பட்டியல், பொதுப்பயன்களின் பட்டியல், போக்குவரத்து ஆய்வு, திட்டமிடல் அலுவலகத்தின் அறிக்கை: இந்த ஐந்தும் போதும்.

இவற்றோடு நகரத்தின் காம்ப்ரிஹென்சிவ் பிளானையும் (நீண்டகால வளர்ச்சித் திட்டம்), அதிலுள்ள எதிர்கால நிலப்பயன்பாட்டு வரைபடத்தையும் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். பி.யு.டி. அந்தத் திட்டத்துக்கு முரணாக இருக்கக்கூடாது என்பது விதி. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. புரூக்லண்ட் பகுதியில் 901 மன்றோ தெருவில் வரவிருந்த ஆறு மாடித் திட்டத்தை, 200 அடிக்குள் வசித்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து எதிர்த்தார்கள். வழக்கு மூன்று முறை டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. வரைபடம் அந்த மனைக்குக் காட்டிய அடர்த்தியோடு திட்டம் பொருந்தவில்லை என்ற விஷயத்தில் 2016ல் அனுமதி ரத்தானது. அதே ஆண்டு மெக்மில்லன் நீர்வடிகட்டி நிலத் திட்டத்தின் அனுமதியையும் அந்த நீதிமன்றம் ரத்து செய்து திருப்பி அனுப்பியது. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கு இங்கே எடை இல்லை. "காம்ப்ரிஹென்சிவ் பிளானின் இந்தக் கொள்கைக்கு முரண்" என்று எழுதினால் கமிஷன் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

5. ஏ.என்.சி.யைப் பிடியுங்கள்

ஏ.என்.சி. எழுத்தில் தரும் அறிக்கையின் கவலைகளுக்கு அரசு அமைப்புகள் 'பெருமதிப்பு' தர வேண்டும் என்று டி.சி. சட்டம் சொல்கிறது. பெருமதிப்பு என்றால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு கவலையையும் எடுத்து ஏன் ஏற்கிறோம், ஏன் ஏற்கவில்லை என்று ஆணையில் கமிஷன் எழுத வேண்டும். பில்டரின் வக்கீல்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் முதலில் ஏ.என்.சி.யிடம் வருகிறார்கள்.

"ஆதரிக்கிறோம்" அல்லது "எதிர்க்கிறோம்" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தால் பயன் குறைவு. முறையாக அறிவிக்கப்பட்ட கூட்டம், தேவையான உறுப்பினர் வருகை, வாக்கு எண்ணிக்கை, குறிப்பான கவலைகள் எல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். உங்கள் ஏ.என்.சி. உறுப்பினருக்கு இது பகுதிநேரச் சேவை. ஆகவே வரைவை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், மிகவும் சந்தோஷப்படுவார்.

விண்ணப்பம் வந்தபிறகு, இதை விசாரணைக்கு எடுப்பதா என்று கமிஷன் ஒரு கூட்டத்தில் முடிவெடுக்கும். அதில் பொதுமக்கள் பேச முடியாது. ஆனால் கமிஷன் உறுப்பினர்களுக்கு எது உறுத்துகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்தக் கூட்டத்தைக் கட்டாயம் கவனித்துக் கேளுங்கள்.

6. கேட்பதை நிபந்தனையாக எழுதிக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள். கூட்டத்தில் சொன்னது, மின்னஞ்சலில் எழுதியது, அழகான படத்தில் வரைந்து காட்டியது எதுவும் நிற்காது. ஆணையின் நிபந்தனைப் பட்டியலில் எண் போட்டு வந்தால்தான் அது பயன்.

விதி என்ன கேட்கிறது? பயன் கண்ணால் காணக்கூடியதாக, அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆக்யுபன்சி சான்று (கட்டடத்தில் குடியேற அனுமதிக்கும் சான்று) வழங்குவதற்கு முன் முடிக்கவோ ஏற்பாடு செய்யவோ முடிய வேண்டும். பயன்களில் பெரும்பகுதி உங்கள் ஏ.என்.சி. எல்லையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். எனவே இப்படிக் கேட்காதீர்கள்: "அக்கம்பக்கத்தார் பயன்படுத்த ஒரு கூடம் தர வேண்டும்." இப்படிக் கேளுங்கள்: "தரைத்தளத்தில் 1,200 சதுர அடிக்குக் குறையாத கூடம், தெருவிலிருந்து தனி வாசலுடன், கட்டடம் இருக்கும் காலம் வரை வாரம் 15 மணி நேரம் குடியிருப்போர் குழுக்களுக்குக் கட்டணமின்றி, முதல் ஆக்யுபன்சி சான்றுக்கு முன் கட்டி முடித்த ஆதாரத்தை சோனிங் அட்மினிஸ்டிரேட்டரிடம் தர வேண்டும்." (சோனிங் அட்மினிஸ்டிரேட்டர் என்பவர் சோனிங் விதிகளை அமல்படுத்தும் அதிகாரி.) எவ்வளவு, எதுவரை, எப்போதைக்குள், யாரிடம் ஆதாரம்: இந்த நாலும் இல்லாத வரி எழுதாத வரிதான்.

மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள் சில உண்டு.

சட்டம் ஏற்கனவே கேட்பதைப் பயன் என்று காட்டுவார்கள். டி.சி.யில் இன்க்ளூஷனரி சோனிங் விதிப்படி பல புதிய அடுக்ககங்கள் குடியிருப்புப் பரப்பில் 8 அல்லது 10 சதவீத அளவில் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்கத்தான் வேண்டும். வாடகை வீடு என்றால் பகுதியின் இடைநிலை (மீடியன்) குடும்ப வருமானத்தில் 60 சதவீதம் வரை, விற்பனை என்றால் 80 சதவீதம் வரை ஈட்டுபவர்களுக்கு. இன்றைய வகையில் உரிமையாகக் கட்டியிருந்தால் வந்திருக்கும் அளவுக்கு மேலே தருவதுதான் பொதுப்பயனாக எண்ணப்படும். அந்தக் கூடுதல் எவ்வளவு என்று சதுர அடியில் கேளுங்கள். இன்னும் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்கச் சொல்லலாம். மூன்று படுக்கையறை வீடுகள் கேட்கலாம். தாத்தா பாட்டியோடு வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு ஸ்டூடியோ வீடுகளால் என்ன பயன்?

தன் கட்டடத்தால் வரும் தொல்லைக்கு மருந்து போடுவதையும் பயனில் சேர்ப்பார்கள். லாரி வந்து போவதால் வேண்டியிருக்கும் சிக்னல், கட்டுமானத் தூசிக்கான ஏற்பாடு இவையெல்லாம் பாதிப்பைக் குறைப்பவை. கேளுங்கள், வாங்குங்கள், ஆனால் பயன் பட்டியலில் எண்ண விடாதீர்கள்.

அப்புறம் பணம். பள்ளிக்கூடத்துக்கோ சங்கத்துக்கோ இத்தனை டாலர் நன்கொடை என்பார்கள். டி.சி. அரசுத் திட்டத்துக்குத் தந்தால் சரி. மற்றபடி, அந்தப் பணத்தால் வாங்கிய பொருளோ சேவையோ வந்துசேர்ந்தது அல்லது வந்துகொண்டிருக்கிறது என்று நிரூபிக்காமல் ஆக்யுபன்சி சான்று கிடையாது என்பதற்கு பில்டர் சம்மதிக்க வேண்டும். "நிதி உதவி" என்பதை "இன்ன பூங்காவில் இன்ன விளையாட்டுக் கருவிகள்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, தனி ஒப்பந்தம். சங்கத்தோடு பில்டர் தனியாகக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை சோனிங் அதிகாரி அமல்படுத்த மாட்டார். மீறினால் நீங்கள்தான் சொந்தச் செலவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். முக்கியமான வரிகளையாவது ஆணைக்குள் கொண்டுவாருங்கள்.

7. தரப்பினராகச் சேர்வதா, மூன்று நிமிடம் பேசுவதா

விசாரணைக்குக் குறைந்தது 40 நாள் முன்பாக மனையில் அறிவிப்புப் பலகை வைப்பார்கள், அரசிதழிலும் வரும். அன்றே உங்கள் நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணிக் குறியுங்கள்.

சும்மா சாட்சியம் சொல்ல யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. தனிநபருக்கு 3 நிமிடம், அமைப்புக்கு 5 நிமிடம். எழுத்திலும் அனுப்பலாம். தரப்பினர் தகுதி கிடைத்தால் நிலைமையே வேறு: உங்கள் வாதத்தை முழுதாக வைக்கலாம், பில்டரின் நிபுணர்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம், பின்னால் தாக்கலாகும் தாள்களின் பிரதி உங்களுக்கு வந்துசேரும். ஏ.என்.சி. தானாகவே தரப்பு.

தரப்பினராகப் படிவம் 140ஐ விசாரணைக்கு 14 நாளுக்கு முன்பே கொடுக்க வேண்டும். பொதுமக்கள் எல்லோரையும்விட உங்களுக்குத் தனியாக, கூடுதலாக என்ன பாதிப்பு என்று அதில் காட்ட வேண்டும். "நெரிசல் அதிகமாகும்" என்றால் அது எல்லோருக்கும்தான். "எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கும் 65 அடிச் சுவருக்கும் நடுவே பத்தடிச் சந்துதான்" என்றால் அது உங்களுடையது. தூரம் அளந்து, படம் எடுத்து இணையுங்கள். ஒரே வகைப் பாதிப்புள்ள வீடுகள் ஒரு குழுவாகச் சேர்ந்து கொடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல்: திட்டமிடல் அலுவலகத்தின் இறுதி அறிக்கை விசாரணைக்குப் பத்து நாளுக்கு முன்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று உட்கார்ந்தால் படிவத்தின் கெடு போயிருக்கும். சந்தேகம் இருந்தால் படிவத்தைப் போட்டுவிடுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. மணிக்கணக்கில் வாங்கும் நில வக்கீல்களின் கட்டணம் ஒரு தெருவால் தாங்கக்கூடியது இல்லை. பணம் திரட்ட முடிந்தால் நான் சொல்வது, முழு வழக்குக்கு வக்கீல் வைப்பதைவிட நிபந்தனை வரிகளைச் சரிபார்க்கச் சில மணி நேரம் ஒருவரை அமர்த்துங்கள். போக்குவரத்துதான் உங்கள் முக்கியக் கவலை என்றால் ஒரு போக்குவரத்து நிபுணரை அமர்த்துங்கள். நீங்கள் தாக்கல் செய்யும் எந்தத் தாளையும் பில்டர் தரப்புக்கும் மற்றத் தரப்பினருக்கும் அனுப்பி, அனுப்பியதற்கான உறுதிமொழியை இணைக்க வேண்டும். அது இல்லாமல் கொடுத்த தாள் சிக்கலில் மாட்டும்.

8. விசாரணை

இப்போது விசாரணைகள் இணையவழியில் நடக்கின்றன, வீட்டிலிருந்தே பேசலாம். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெரியவர்கள் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நாள் இருக்கும்போதே கேளுங்கள். மொழி உதவிக்கென்று டி.சி.யில் 2004ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

பத்துப் பேர் ஒரே விஷயத்தைச் சொல்வதில் பயனில்லை. ஒருவர் கணக்கு, ஒருவர் நிழல், ஒருவர் பள்ளிக்குப் போகும் பாதை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் கடைசி அரை நிமிடத்தில் தாங்கள் கேட்கும் நிபந்தனை வரியை அப்படியே வாசியுங்கள். அது பதிவில் ஏறும்.

9. இரண்டு வாக்கெடுப்புக்கு நடுவில்

விசாரணை முடிந்ததும் எல்லோரும் களைத்துப்போய் விட்டுவிடுவார்கள். அப்போதுதான் கவனம் வேண்டும். கமிஷன் முதலில் உத்தேச முடிவு எடுக்கும். அதன்பின் 7 நாளுக்குள் பில்டர், தான் தரும் பயன்களின் இறுதிப் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் அமல்படுத்தக்கூடிய நிபந்தனை வரைவையும் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பதில் சொல்லக் கிடைப்பது சில நாள்தான். விசாரணையில் சொன்னதையும் இந்த வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'செய்யும்' என்பது 'செய்ய முயலும்' ஆகியிருக்கிறதா? சதுர அடி எண் காணாமல் போயிருக்கிறதா? உடனே எழுதுங்கள்.

இதற்கிடையே தேசியத் தலைநகர் திட்டமிடல் கமிஷனுக்கும் 30 நாள் பார்வைக்குப் போகும். பிறகு இறுதி வாக்கெடுப்பு, ஆணை, அரசிதழில் வெளியீடு. முன்னறிவிப்புக் கடிதத்திலிருந்து எண்ணினால் ஓராண்டு ஓடிவிடுவது சகஜம். மேல்முறையீடு செய்வதானால் ஆணைக்குப் பின் 30 நாள் அவகாசம். விசாரணைப் பதிவில் நீங்கள் எழுப்பாத விஷயத்தை நீதிமன்றத்தில் புதிதாக எழுப்புவது கடினம்.

10. ஆணை வந்த பிறகு

ஆணையைத் தரவிறக்கி நிபந்தனைப் பட்டியலைத் தனியே அச்செடுத்து வையுங்கள். கட்டுமானம் தொடங்கும் முன் பில்டர் அரசோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் நிலப் பதிவேட்டில் ஏறும். மனை கைமாறினாலும் புது உரிமையாளரை அது கட்டுப்படுத்தும்.

பொதுவாக, ஆணைக்குப் பின் 2 ஆண்டுக்குள் பில்டிங் பர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், 3 ஆண்டுக்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும். தாமதமானால் கால நீட்டிப்பு கேட்பார்கள். சந்தை சரியில்லை என்று சொல்லித் திட்டத்தில் மாற்றமும் கேட்பார்கள். சில மாற்றங்கள் விசாரணை இல்லாமலே முடிந்துவிடும். பயன்கள் சத்தமில்லாமல் குறைவது பெரும்பாலும் இங்கேதான். தரப்பினராக இருந்தவர்களுக்கு இந்த விண்ணப்பங்களின் பிரதி வரும். முகவரி மாறினால் சோனிங் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள், ஐ.இசட்.ஐ.எஸ்.ஸில் அந்த வழக்கு எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கட்டடம் முடியும் தறுவாயில், ஆக்யுபன்சி சான்று வழங்கும் முன்பே, கட்டடத் துறையிலுள்ள சோனிங் அட்மினிஸ்டிரேட்டருக்கு எழுதுங்கள்: ஆணை எண், நிபந்தனை எண், இன்னும் நிறைவேறாதது என்ன, அதற்கான படம். சான்று கொடுத்தபின் எழுதினாலும் புகாராக எடுத்துக்கொள்வார்கள், ஆனால் பில்டருக்கு அவசரம் இருப்பது அதற்கு முன்னால்தான்.